கரும்பலகைக்கு முழு மார்க்

பாண்டி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு, முப்பது வயதில் அந்த வேலையை விட்டு பி.எட். சேர்ந்தவன் நான். "இருந்த வேலய உட்டுட்டு வாத்தியாராவப் போறானாம்" என்று வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயிற்சிக்கு என்னைப் பாண்டி டவுனில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போனார்கள். எனக்கு மட்டும் கூட்டாளி கிடையாது.

முதல் நாள் ஹெச்.எம். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒத்த ஆளாவா அனுப்பிச்சாங்க? சரி, பிலோமினா டீச்சர் கிளாஸ்ல போய் உக்காருங்க."

ஸ்டாஃப் ரூமில் எட்டு நாற்காலி, எட்டு டீச்சர்கள், எல்லாரும் பெண்கள். நான் வாசலில் தலை காட்டினால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் கூச்சம் பிடுங்கித் தின்றது. மதியம் சயின்ஸ் லேபில் தனியாகச் சாப்பிட்டேன். காலையில் தவளக்குப்பத்தில் பஸ் ஏறியதிலிருந்து சாயங்காலம் திரும்பி இறங்கும்வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு நான் 'பி.எட். சார்'. சில நாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

முதல் வாரம் அப்சர்வேஷன். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிலோமினா டீச்சர் கணக்கு நடத்துவதைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கிருந்து போர்டின் கீழ்ப்பாதி தெரியவே தெரியாது. வரிசையாகத் தலைகள், அதற்கும் முன்னால் மேசை. டீச்சர் கீழே எழுத ஆரம்பித்ததும் பக்கத்து பெஞ்சுப் பெண்கள் மூன்று பேரும் பாதி எழுந்து நின்று எழுதுவார்கள். "இன்னாடி டான்ஸ் அங்க? உக்காருங்க" என்று அதட்டல் வரும்.

அந்த மூவரில் பவித்ரா என்பவள் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், நீங்களும் எழுதலியா? உங்களுக்கும் தெரியலியா?"

அந்தப் பள்ளியில் என்னிடம் தானாக வந்து பேசிய முதல் ஆள் அவள்தான்.

நான் பாடம் எடுக்க ஆரம்பித்ததும் மேல்பாதியில் மட்டும் எழுதினேன். நிறைந்தால் அழித்துவிட்டு மறுபடி மேலேயே. கடைசி பெஞ்சில் ஒருவரும் எழவில்லை. நாள் முழுக்கவும் எனக்குப் பிடித்த நாற்பது நிமிடம் அதுதான்.

காலேஜிலிருந்து லெக்சரர் வந்து என் வகுப்புக்கு மார்க் போட வேண்டிய நாள் நெருங்கியது. முந்தின நாள் பிலோமினா டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், போர்டு ஒர்க்குக்குத் தனி மார்க் இருக்கு. பாதி காலியா கெடந்தா கொறைச்சிடுவாரு. நாளைக்கு முழுசா எழுதுங்க."

"பின்னாடி இருக்குற பசங்களுக்குத் தெரியாது டீச்சர்."

"ஒரு நாள்தான சார்?"

ஒரு நாள்தானே என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மார்க் குறைந்தால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் லெக்சரருக்கு முன்வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டார்கள். நான் கலர் சாக்பீஸ் எடுத்து அடிவரைக்கும் எழுதித் தள்ளினேன். நடுநடுவே கடைசி பெஞ்சைப் பார்த்தேன். யாரும் எழவில்லை, மூன்று பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா, எப்படியோ சமாளித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"போர்டு ஒர்க் பிரமாதம்யா" என்று லெக்சரர் முழு மார்க் போட்டுவிட்டுப் போனார்.

நோட்டுகளை வாங்கப் பின்னால் போனேன். பவித்ராவின் நோட்டில் மேல்பாதிக் கணக்கு இருந்தது. அதற்குக் கீழே அவள் பெயர்தான், வரிக்கு வரி, பக்கம் முழுக்க.

"இன்னாம்மா இது?"

"கீழ போட்டது தெரியல சார். நாங்க எழுந்து நின்னா உங்களுக்கு மார்க் கொறைச்சிடுவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதான் எழுதுற மாரி உக்காந்துனு இருந்தோம்." பிறகு ஆவலாகக் கேட்டாள். "முழுசா போட்டாங்களா சார்?"

"போட்டாங்கம்மா."

மூன்று பேரும் கை தட்டினார்கள்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான்: மார்க் போடுகிறவர் உட்காரும் இடத்திலிருந்து போர்டு முழுசாகத் தெரியும், அதை நம்பிப் பாடம் எடுக்காதீர்கள்.

அந்தப் பள்ளியில் எனக்கென்று யாருமே இல்லை என்று நான் அழுதுகொண்டிருந்தேன். மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் அன்று நான் பாடம் நடத்தவில்லை.