பூங்காவனத்தின் சர்க்கார் ஆடுகள்

ஆம்பூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் பூங்காவனத்துக்குச் சர்க்கார் நான்கு ஆடுகள் கொடுத்தது எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனியில். கடன்தான், ஆனாலும் ஆடுகளுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அவள் கல்யாணத்துக்குக்கூட யாரும் போட்டோ எடுத்ததில்லை. புருஷன் போன பிறகு அவளுக்குப் பிழைப்பு அந்த நான்கும்தான். அவை எங்கே மேயும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நல்ல நாளில் கேட்கிற கேள்வியா அது? தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து வயல்களில் உப்புப் பூத்துவிட்டது. புல் முளைக்கிற இடம் ஏரி ஒன்றுதான்.

ஐப்பசியில் அதே சர்க்கார் ஏரிக்குள் கருவேலங்கன்று நட்டு, ஆடு மேய்க்கத் தடை என்று கரையில் பலகை வைத்தது. ஆடு கொடுத்த ஆபீஸ் மாடியில், கன்று நட்ட ஆபீஸ் கீழே. நடுவில் ஒரு படிக்கட்டு. அதில் ஏறிப்போய்க் கேட்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் வனக்காவலர் பக்தவச்சலம் நான்கு ஆடுகளையும் பிடித்து, தடை மீறி மேய்ந்த கால்நடைகளுக்கான பவுண்டில் அடைத்தார்.

“ஆடும் கவர்மெண்டு, கன்னும் கவர்மெண்டு. நடுவுல எனுக்கு இன்னாத்துக்கு சார் அபராதம்?”

“அது வேற டிபார்ட்மெண்டும்மா.”

அபராதம் கட்டாவிட்டால் திங்கட்கிழமை ஏலம். மாடிக்குப் போய் முறையிட்டாள். ஆடு ஏலத்தில் போனாலும் கடன் எங்கும் போகாது என்று அங்கே அன்பாக விளக்கினார்கள். பவுண்டு வேலிக்குள் கைவிட்டு, தோல் தரகர் அப்துல் கரீம் ஆடுகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னா பாய், உசுரோட இருக்கும்போதே தோலப் பாக்குறீங்க?”

“கோச்சுக்காதம்மா. ஏலம்னாங்க, தோலுக்குத் தடவ உப்பு வாங்கி வெச்சிட்டேன்.”

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது, கன்றுகள் முழுகின. ஆடு, மாடு, விறகு பொறுக்குபவள் என்று எல்லா எதிரிகளையும் யோசித்திருந்த திட்டத்தில், கார்த்திகையில் ஏரிக்குத் தண்ணீர் வரும் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

தையில் மேலதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் புதிதாக நாற்றுவிட உத்தரவு வந்தது. ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதைதான் வேண்டும் என்று உத்தரவிலேயே இருந்தது. கருவேல விதைக்கு ஓடு கெட்டி. ஆட்டின் வயிற்றில் ஊறி வந்தால் சீக்கிரம் முளைக்கும். இது இலாகாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மற்றவர்கள் பட்டிக் குப்பையை எருவாக அடித்துவிட்டார்கள். நிலமில்லாத பூங்காவனத்தின் குப்பை மட்டும், கோடையில் ஆடுகள் தின்ற காயின் விதையோடு அப்படியே கிடந்தது.

ஞாயிறு காலை பக்தவச்சலம் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“பூங்காவனம்மா, உங்க பட்டியில கருவேல வெதை இருக்குமா?”

“ஜாஸ்தியாவே இருக்குது. கேட்டுட்டுத்தான் தரணும்.”

“யாரை?”

“தின்னவங்கள. நீங்கதான் உள்ள வெச்சிருக்கீங்க.”

அவர் ஏரியைப் பார்த்தார். அங்கே தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் அபராதத்தைத் தானே கட்டி, நான்கையும் ஓட்டிக்கொண்டு, தான் நட்ட பலகையைத் தாண்டி வந்து சேர்ந்தார். பிறகு சல்லடையோடு பட்டியில் குந்தினார். ஆடுகள் சுற்றி நின்று மேற்பார்வை பார்த்தன.

“கொஞ்சம் கூடமாடப் பொறுக்கிக் குடும்மா.”

பூங்காவனம் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“அது வேற டிபார்ட்மெண்டு, சார்.”