கிரீஸ் சார்

கிரீஸுக்குப் போகப்போகிறோம் என்று பாப்பாரப்பட்டி டீக்கடையில் நான் வாயை விட்டிருக்கக் கூடாது. பக்கத்து டிராக்டர் பட்டறைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எதுக்குங்க சார் அவ்ளோ தூரம்? நம்ம பட்டறையிலயே டப்பா டப்பாவா கெடக்குதுங்களே" என்றார். பேரிங்குக்குப் போடும் கிரீஸைச் சொல்கிறார். காலமெல்லாம் சரித்திர வாத்தியாராக இருந்தவனுக்கு ரோஷம் வராதா? கிரேக்கம், ஏதென்ஸ், தூண்கள், தத்துவம் என்று அங்கேயே ஒரு பீரியட் எடுத்துவிட்டேன். அன்று முதல் ஊரில் எனக்குப் பெயர் 'கிரீஸ் சார்'.

போகட்டும். பயணத் திட்டத்தை நானே போட்டேன். காலையில் இடிந்த கோயில், மதியம் இடிந்த அரங்கம், சாயங்காலம் மியூசியம். ஒரு நாள் பாக்கியில்லாமல் கல். என் மனைவிக்குப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "தீவு எங்கங்க?" என்றாள்.

அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். "வெள்ள வெள்ளையா வூடுங்க, சுத்தியும் நீலக் கடலு. அங்க கப்பல்ல போயி எறங்கணும்" என்று போனில் படத்தைப் பார்த்துச் சொல்லித்தான் வெளிநாட்டுக்கே ஒத்துக்கொண்டிருந்தாள்.

"டைம் பத்தாதும்மா. அடுத்த தடவ பாக்கலாம்."

"அடுத்த தடவயா? திருப்பதிக்கே அடுத்த தடவ, அடுத்த தடவன்னு சொல்லி நம்ம பொண்ணு காலேஜே முடிச்சிட்டா. தண்ணின்னா பயம்னு சொல்லிட்டுப் போங்களேன்."

பயமா? எனக்கா? எகிறிக் குதித்தேன். அந்த வீம்பில், "வா, நாளைக்கே ஒகேனக்கல் போயி பரிசல் ஏறுவோம்" என்று சொல்லித் தொலைத்தேன். ஒகேனக்கல்லுக்கு எத்தனையோ தடவை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனவன்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருந்தவனும் நான்தான்.

மறுநாள் பரிசலில் அவள் தன் சமையல்கட்டில் உட்கார்ந்தவள் மாதிரி சாவகாசமாக இருந்தாள். பாறைகளுக்கு நடுவே பரிசல்காரர் ஒரு சுற்றுச் சுற்றினார் பாருங்கள், "ஐயோ, ஆத்தா!" என்று கத்திக்கொண்டு அவர் காலைக் கட்டிப்பிடித்துவிட்டேன். "சார், கால வுடுங்க சார், துடுப்பு போட முடியல" என்று அவர் கெஞ்சினார்.

கரையேறி மீன்கடையில் உட்கார்ந்தோம். கேலி செய்யப்போகிறாள் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. வறுத்த மீனில் முள்ளை எடுத்தபடி, "தீவெல்லாம் வேணாங்க. கல்லே பாத்துட்டு வந்துரலாம். அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். முகம் வாடிப்போயிருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மீனை அப்படியே தட்டில் வைத்தேன். எழுந்து பரிசல் துறையைப் பார்த்து நடந்தேன்.

"ஏங்க, எங்க போறீங்க? கையாச்சும் கழுவுங்க!"

"இன்னொரு சுத்து."

அதே பரிசல்காரர்தான் இருந்தார். என்னைக் கண்டதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் பின்னாலேயே ஓடிவந்து ஏறி, மீன் எண்ணெய்க் கையோடு என் கையைப் பற்றினாள். பரிசல் சுழன்றது. கத்தினேன்தான், மறைப்பானேன்! எண்ணெயில் கை வழுக்கு வழுக்கென்று வழுக்கியது. அவள் விடவில்லை.

"என்னங்க கிரீஸ் சார்," என்றாள் சிரிப்புக்கு நடுவே, "தீவுக்கு எப்பங்க கப்பலு?"

"மொத நாளே" என்றேன், கண்ணைத் திறக்காமல்.