பேசாமல் நின்ற பொலிஸ்காரி

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, முந்தின நாள் டீவியில் பார்த்த பொலிஸ் நாடகத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். பயமான கட்டம் வந்தால் அவர் கை நின்றுவிடும். பக்கத்து நிரைகளில் எங்கள் கைகளும் நின்றுவிடும். கங்காணி சத்தம் போட்டால்தான் மறுபடி விரல்கள் ஓடும். பதுளைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்போது லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் டீவி வந்திருந்தது. ஆனாலும் மதினி சொல்லிக் கேட்டால்தான் பார்த்தது பார்த்த மாதிரி இருக்கும்.

முதலில் ஓடிய நாடகத்தில் ஒரு பெரிய பொலிஸ் ஐயா. வாரம் ஒரு குற்றம். வாரக் கடைசியில் ஆள் அகப்பட்டுவிடுவான். ஐயாவுக்குப் பின்னால் கதவோரம் ஒரு பொலிஸ்காரி வாக்குமூலம் எழுதிக்கொண்டு நிற்பாள். கடைசிவரை அவளுக்கு ஒரு பேச்சுக்கூடக் கொடுக்கவில்லை. அது முடிந்ததும் அவளை வைத்தே புதிதாக ஒரு நாடகம் தொடங்கினார்கள். அவளைச் சின்ன ஊர் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். அவள் பஸ்ஸுக்கு நிற்பது, உலை வைப்பது, அம்மாவோடு சண்டை பிடிப்பது எல்லாம் வந்தது. "சோறு வடிக்கிறதையே அரை மணி நேரம் காட்டுறான், இதுக்கு எங்க வீட்டு அடுப்பப் பாத்துக்கிட்டு இருக்கலாம்" என்று பெண்கள் நொடித்தார்கள். மதினி விடவில்லை. பழைய நாடகத்தில் நாம் பார்த்து முடித்த ஒரு கேஸையே இப்போது அவள் நின்ற கதவோரத்திலிருந்து திரும்பக் காட்டுகிறார்கள், அன்றைக்கே அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, சொல்லாமல் இருந்துவிட்டாள் என்று விளக்கினார். "அதுல ஆரு செஞ்சான்னு தேடுனோம். இதுல இவ எப்ப வாயத் தொறப்பான்னு பாத்துக்கிட்டு இருக்கோம். இதுதான் புள்ள கஷ்டம்."

அந்த மாதத்தில்தான் கங்காணி விழுந்தார். அதற்கு முந்தின நாள் காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, அவருக்கும் மதினியின் புருஷனுக்கும் வாய்ச்சண்டை. மதினி புருஷனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "ஒரு நாளைக்கு உன்ன மலையில உருட்டி விடுறேனா இல்லையா பாரு" என்று அண்ணன் சொன்னதைத் தோட்டமே கேட்டது. மறுநாள் மழை விட்ட நேரம், கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடைப் பக்கம் ஒதுங்கப் போனேன். மலையில் பெண்களுக்கு வேறு இடம் கிடையாது. நான் குந்தியிருக்கும்போது மேல் பாதையில் கங்காணி வந்தார். பார்த்துவிடக் கூடாதே என்று செடிக்குள் ஒடுங்கினேன். பாசி பிடித்த கல்லில் அவர் கால் வழுக்கி, தலை அடிபட விழுந்ததைக் கண்ணால் கண்டேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஓடிப்போய், யாரோ விழுந்த சத்தம் கேட்டது என்று மட்டும் மற்றவர்களிடம் சொன்னேன். பார்த்தேன் என்றால் எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்பார்களே.

நினைவில்லாமல் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் அன்றைக்கு மேல் மலையில் மழைத் தண்ணீர் ஓடத் தனியாகக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாட்சி இல்லை. மத்தியானம் பொலிஸ் வந்து கூட்டிப்போனது. கங்காணி பிழைக்காவிட்டால் கொலைக் கேஸ் என்று பேசிக்கொண்டார்கள். நான் சொல்லிவிடலாம் என்று மதினி வீட்டு வாசல்வரை போவேன். அங்கே ஆண்கள் நிற்பார்கள். திரும்பிவிடுவேன்.

அடுத்த நாள் சாயங்காலம் மதினிக்குச் சோறு கொண்டுபோனேன். டீவி ஓடியது, அவர் பார்ப்பதாகத் தெரியவில்லை. பழைய கேஸில் உள்ளே போனவனின் பெண்சாதிக்கு முன்னால் அந்தப் பொலிஸ்காரி உட்கார்ந்திருந்தாள். மதினி என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இவ அன்னைக்கே சொல்லியிருந்தா அவன் உள்ள போயிருக்க மாட்டான்ல, புள்ள?"

தட்டைக் கீழே வைத்தேன். "மதினி, நான் பாத்தேன்" என்றேன். எல்லாவற்றையும் காதோடு சொன்னேன். அவர் எழுந்து டீவியை அணைத்தார். பிறகு, "அத அங்க வந்து சொல்லுவியா? ஆம்பளைங்க முன்னுக்கு?" என்றார்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எனக்குச் சிங்களம் வராது என்று தோட்டத்துச் சங்கத் தலைவரும் வந்தார். என் வீட்டுக்காரரோடு சீட்டு விளையாடுகிறவர் அவர். ஓடைப் பக்கம் என்ன வேலையாகப் போனாய் என்று பொலிஸ் ஐயா கேட்டதைத் தலைவர் தமிழில் கேட்டார். மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு, "ஒதுங்கப் போனேங்க" என்றேன். அதை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்றுகூடக் கேட்டார்கள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே அண்ணனை விட்டார்கள். நான்கு நாள் கழித்துக் கங்காணி கண் விழித்து, தானாகத்தான் விழுந்தேன் என்றார். அண்ணனை விட்ட அன்று, பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறும்போது மதினி என் பக்கத்தில் நடந்து வந்தார். "அவரு உள்ள கெடந்தது ரெண்டு ராத்திரி, புள்ள" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.

இப்போது மதினி வெலிமடையில் மகளோடு இருக்கிறார். எனக்குக் கண் மங்கிவிட்டது. அந்தப் பொலிஸ்காரியின் தங்கையை வைத்து மூன்றாவதாக ஒரு நாடகம் ஓடுகிறது. மதினி போனில் கூப்பிட்டு எனக்குக் கதை சொல்கிறார். அவர் சொல்லும் கதையில், தெரிந்ததை மறைத்தவர் என்று ஒருத்தரும் வருவதில்லை. என் மருமகள் அதே நாடகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும்போதுதான், மதினி யார் யாரையெல்லாம் கதையிலிருந்து எடுத்துவிட்டார் என்று தெரிகிறது. அது என்மேல் உள்ள இரக்கமா, இன்னும் ஆறாத கோபமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.