சாப்பாட்டின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு குழம்பினால் அம்மா முதலில் விசாரிப்பது முந்தின நாள் சாப்பாட்டைத்தான். காய்ச்சல் இருக்கிறதா, எங்கேயாவது கண்ட தண்ணீரைக் குடித்தாயா என்பதெல்லாம் பிறகு. "நேற்று என்ன சாப்பிட்டனி?" என்று கேட்பார். சொல்லும் பதிலில் ஏதோ ஒரு பண்டம் அகப்படும். அகப்பட்டதற்கு மன்னிப்புக் கிடையாது. அந்த விசாரணையில் நான் பள்ளிக்கூடக் காலம் முதல் நாற்பது வயதை எட்டும்வரை சாட்சி சொல்லியிருக்கிறேன். தண்டனை பண்டத்துக்கு என்று பெயர், அனுபவித்தது நான்.

முதலில் அகப்பட்டது பிலாப்பழம். எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் வீட்டு வளவின் பின்பக்கம் ஒரு பிலா நிற்கிறது. நான் சாமத்தியப்பட்டு, பெரியபிள்ளையாகி, ஒரு வருடம் போல ஆகியிருக்கும். அப்பா பழத்தைச் சாக்கில் வைத்து, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பிளந்தார். நான் கண்மண் தெரியாமல் தின்றேன். அடுத்த நாள் விடிந்ததும் கக்கூசுக்கும் அறைக்குமாக நடைதான். அடிவயிற்றை யாரோ பிழிவது போல வலி. பள்ளிக்கூடம் போகவில்லை. இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்ரீயைக் கொண்டுவந்து தந்துவிட்டு அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"பிலாப்பழம் சரியான வாய்வு. உனக்கு உது ஒத்துக்கொள்ளாது பிள்ளை. இனி வேண்டாம்."

அதே காலையில் மற்றதும் வந்திருந்தது. அதை அம்மாவும் அறிவார், நானும் அறிவேன். அன்று சாமி அறையில் விளக்கேற்ற என்னைக் கூப்பிடவில்லை. அதிலேயே வீடு முழுவதற்கும் செய்தி போய்விடும். ஆனால் அதைப் பற்றி வாய் திறந்து கதைப்பதில்லை. துடக்கென்ற தீட்டு ஒரு பக்கம், வயிறு இன்னொரு பக்கம். வயிற்றைப் பற்றி அப்பா முன்னிலையில் கதைக்கலாம், பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்கலாம், ஓமத்தண்ணி நல்லதோ மாதுளங்கோது நல்லதோ என்று வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று ஒரு மணி நேரம் ஆராயலாம். மற்றதை யாரும் எங்கேயும் எடுப்பதில்லை. ஒன்றைப் பேசி ஒன்றைப் பேசாமல் விட்டதால் இரண்டும் ஒரே நாளில் வருகின்றன என்பதை ஒருவரும் காணவில்லை.

அம்மாவின் தீர்ப்பு பிழையாய்ப் போனதும் இல்லை. அங்கேதான் வினை. பிலாப்பழத்தை விட்டேன், மூன்று நாலு கிழமைக்கு வயிறு ஒரு கரைச்சலும் தரவில்லை. "பாத்தியா?" என்றார் அம்மா. அடுத்த மாதம் மறுபடி குழம்பியது. முந்தின நாள் நண்டுக்கறி. நண்டும் போயிற்று, மறுபடி மூன்று நாலு கிழமை சுகம். பிறகு கத்தரிக்காய், அது சொறி கிளப்பும் கிரந்தி. பிறகு மாம்பழம், அது சூடு. பயறு, மரவள்ளிக் கிழங்கு, பால், கணவாய். ஒவ்வொன்றையும் விலக்கிய பின் சில கிழமைகள் நான் நன்றாக இருந்தேன். மருந்து வேலை செய்கிறதென்று யார்தான் நம்பமாட்டார்கள்?

சந்தேகிக்கவே படாத ஒன்றும் இருந்தது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்குப் பச்சை முட்டையைக் குடிக்கக் கொடுத்து, அந்த முட்டைக் கோதிலேயே நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்கக் கொடுப்பார்கள், இடுப்புக்குப் பலமென்று. பல வீடுகளில் அது அந்தச் சடங்கோடு முடிந்துவிடும். எங்கள் அம்மாவுக்கு என் இடுப்பின்மேல் அக்கறை கூடுதல். கலியாணம் முடிக்கும்வரை மாதாமாதம் துடக்கின் முதல் நாள் காலையில் கோதும் எண்ணெயும் வந்தன. ஏற்கெனவே அவிழ்ந்துகிடக்கும் வயிற்றுக்குள் நல்லெண்ணெய் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அது மருந்து. எங்கள் பக்கத்தில் மருந்தின் மேல் பழி போடுவது பாவம்.

பாவம் அப்பாதான். நான் பார்த்து ஏங்கக்கூடாதென்று பிலாப்பழத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வெட்டுவார். பிலாப்பழத்தின் மணத்தை எந்தக் கிணற்றடியில் ஒளிப்பது? நான் அறைக்குள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு மூக்கால் தின்றுகொண்டிருப்பேன். பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் நண்டும் மீனும் போடுமுன் எனக்கென்று ஒரு சிரட்டை அளவு எடுத்து வைப்பார். வெறும் புளியும் மாவுமாக இருக்கும். நன்றாயிருக்கிறதென்று சொல்லிக் குடிப்பேன். அவரும் நம்பியது போல முகத்தை வைத்திருப்பார்.

நான் கணித ஆசிரியையானேன். இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. எண் கோலங்கள் என்று ஒரு பாடம் இருக்கிறது. எண்களை வரிசையாகக் கொடுத்து, இவற்றுக்கிடையில் உள்ள தொடர்பைக் காண்க என்று பிள்ளைகளைக் கேட்போம். காணாத பிள்ளையைப் பார்த்து, கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, தெரியவில்லையா என்று ஏசியும் இருக்கிறேன். என் வயிறு மாதம் தவறாமல் அதே பாடத்தை எனக்கு நடத்திக்கொண்டிருந்தது. தன் கண்ணில் உத்தரம் கிடக்க ஊரார் கண்ணில் துரும்பு தேடிய கதை.

கலியாணம் பேசியபோது, சாதகக் குறிப்புப் பொருத்தம் பார்த்த கையோடு அம்மா என் சாப்பாட்டு விலக்குகளையும் ஒப்புவித்தார். பிறகு தெரியவந்து பிரச்சினை வரக்கூடாதாம். மாப்பிள்ளையின் தாயார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளை என்னத்தைத்தான் சாப்பிடுவா?" என்றார்.

"இடியப்பமும் சொதியும் சாப்பிடுவா. பருப்பு, பாண்... ஒரு கரைச்சலும் இல்லை."

கொக்குவிலுக்கு வாழ வந்தேன். மாமி நல்ல மனுசி. எனக்கென்று தனியாகச் சமைத்துத் தந்தார். அது இன்னும் வெட்கமாக இருந்தது. கலியாண வீடு, பிறந்தநாள் வீடு, எங்கே போனாலும் என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துச் சனம் கதைக்கும். "உவவுக்கு ஒண்டும் ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் சொல்ல, "செல்லமா வளந்தவ" என்று மற்றவர் முடிப்பார். செல்லமாம். வயிறு குழம்பிய நாட்களில் மினிபஸ்ஸில் அது இரையத் தொடங்கினால், இடையில் இறங்க முடியுமா, இறங்கினால் யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது என்று வியர்த்துக்கொண்டு நிற்பேன். அதற்காக அந்த நாட்களில் பள்ளிக்கூடம் முடிந்து வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணியும் வாயில் வைப்பதில்லை. அதற்கு முந்தின கிழமையோ நேர்மாறு: வயிறு ஊதிப்போய்க் கிடக்கும், ஒன்றும் வெளியே போகாது, சட்டையின் கொளுக்கி பூட்டமுடியாது. அதற்கு அரிசிமாப் புட்டின் மேல் பழி விழுந்தது. புட்டையும் விட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து புட்டை விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் வகுப்பிலேயே தலை சுற்றி விழுந்துவிட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் மருத்துவரிடம் போனார். என்னைவிட வயது குறைந்த பெண் மருத்துவர். இரத்தம் குறைவு என்று இமையை இழுத்துப் பார்த்தே சொன்னார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் சாப்பிடாதவற்றைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"ரீச்சர், கடைசியா எப்ப வயித்தாலை போனது?"

"இண்டைக்குக் காலமை."

"பீரியட்ஸ் எப்ப வந்தது?"

"இண்டைக்குத்தான்."

"போன மாசம் வயித்தாலை போகேக்கை?"

நான் மாதங்களை எண்ணத் தொடங்கினேன். போன மாதம், அதற்கு முந்தின மாதம், புட்டு, கணவாய், மாம்பழம் என்று பின்னோக்கிப் போகப் போக ஒவ்வொரு பண்டத்துக்குப் பின்னாலும் அதே நாள் நின்றது. விளக்கேற்றக் கூப்பிடாத காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, தெரியவில்லையா.

அவர் ஆறுதலாக விளக்கினார். அந்த நாட்களில் கருப்பையைச் சுருங்கவைக்க உடம்பில் ஒரு பொருள் ஊறுகிறது. அதுவே பக்கத்தில் கிடக்கும் குடலையும் முறுக்கிவிடுகிறது. முந்தின கிழமையில் வேறொன்று கூடி நின்று குடலை மந்தமாக்கிவிடுகிறது. பெண்கள் பலருக்கு உள்ளதுதான். சிலருக்குக் கடுமையாக இருக்கும். வேறு நோய் வருத்தம் ஏதும் இல்லையா என்று பார்க்க ஸ்கான் எழுதினார். அதில் ஒன்றும் இல்லை. வலிக்குக் குளிசையும் இரத்தத்துக்குக் குளிசையும் தந்தார். அந்த நாட்களில் மட்டும் எண்ணெய், உறைப்பைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார். "மற்ற நாளிலை விரும்பினதைச் சாப்பிடுங்கோ" என்றார்.

எளிதாகச் சொல்லிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் இருந்து அழுதேன். சந்தோசத்தில் என்று மாமி நினைத்தார். எனக்கு வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். அப்பா போய்ச் சில வருடங்களாகியிருந்தன. கூழை அவர் காய்ச்சுவது போல யாரும் காய்ச்சுவதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. அவர் கையால் காய்ச்சிய உண்மையான கூழை நான் குடித்ததே சின்ன வயதில்தான். அந்த ருசி நாக்கில் நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பண்டத்தரிப்புக்குப் போனேன். அம்மா விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த விசயத்தை அவர் முன்னால் பெயர் சொல்லிக் கதைத்தேன். அம்மா இலை உருவுவதை நிறுத்தினார்.

"அப்ப பிலாப்பழம்?"

"பிலாப்பழம் ஒண்டும் செய்யேல்லை, அம்மா."

"நண்டு?"

"நண்டும் இல்லை."

கத்தரிக்காய், மாம்பழம், பயறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். பாதி வழியில் எனக்கே அந்த 'இல்லை'யைச் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் முட்டையும் நல்லெண்ணெயும் என்று அவரே இழுத்தார். நான் ஒரு பிடி முருங்கையிலையை இழுத்து உருவத் தொடங்கினேன். அவருக்கு விளங்கிவிட்டது.

இலையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் உப்பிடித்தான் இருந்தது."

"என்னது?"

"அந்த நாளிலை வயித்தாலை போறது. ஆரிட்டைச் சொல்லுறது? வீட்டிலை பிலாப்பழத்தாலை எண்டிச்சினம். அண்டைக்கு விட்டனான். என்ரை வயிறுதான் உனக்கும் வந்திட்டுது எண்டு நினைச்சன். அதுதான் முதல்லையே நிப்பாட்டினனான்."

அம்மா பிலாப்பழம் தின்று நான் கண்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வருடமும் பழத்தைப் பிரித்து, சுளை சுளையாகக் கோப்பையில் அடுக்கி, எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகள் முழுவதற்கும் கொடுத்தனுப்புவது அவர்தான். பரிமாறுகிறவருடைய கோப்பையை யார் பார்க்கிறார்கள்? அவருக்கு மாதவிடாய் நின்று எத்தனையோ காலம். அதன்பிறகு வயிறு அமைதியாகிவிட்டது. அது பழத்தை அத்தனை வருடம் விட்டதன் பலன் என்றே இவ்வளவு நாளும் இருந்துவிட்டார்.

இனியாவது தின்னட்டும் என்றால், இப்போது அவருக்கு நீரிழிவு. பிலாப்பழம் குற்றமற்றதென்று தெரியவந்தபோது கிளினிக்கில் இனிப்பைக் குறைக்கச் சொல்லியாயிற்று. விதி எங்களோடு விளையாடுகிறதென்று சொல்லலாம். எனக்கு விதிமேல் கோபம் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கதைத்திருந்தால் தீர்ந்துபோயிருக்கக்கூடிய விசயம் இது என்பதுதான் பொறுக்கமுடியவில்லை.

இந்த வருடம் பழம் வெட்டும்போது நான் போனேன். இருவரும் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு பின்பக்கத்தில் இருந்தோம். அம்மா வழமைபோல அயலுக்குப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். நான் நல்ல சுளையாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, கொட்டையை எடுத்துவிட்டு அவர் கையில் வைத்தேன்.

"ஒரு சுளை ஒண்டும் செய்யாது, அம்மா. கிளினிக்கிலை கேட்டிட்டுத்தான் வந்தனான்."

அம்மா அதை விரல்களுக்கிடையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம் பிள்ளை."

"இன்னும் பயமோ?"

"பயமில்லை. இப்ப திண்டு, இது நல்லா இருந்திதெண்டால் நான் என்ன செய்யிறது?"

நான் வற்புறுத்தவில்லை. அவர் சுளையைத் திருப்பி என் கையில் வைத்து, "நீ தின்" என்றார். நான் அவர் முன்னாலேயே வாயில் போட்டேன். மென்று முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிப்போ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. இந்த முறை மழை கூடியிட்டுது போலை, பழம் சப்பெண்டு கிடக்கு" என்று சொல்லி, வாய் நிறைய இருந்த இனிப்பை முகம் மாறாமல் விழுங்கினேன்.