ஒரு குற்றமும் செய்யாத கண்ணாடி

கார்க் கண்ணாடி உடைந்தால் ஊரில் எல்லாரும் கண்ணாடியைப் பார்ப்பார்கள். நான் குலையைப் பார்த்தேன்.

புக்கிட் ரோத்தான் ரோட்டில் எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மேலே வலை போடவில்லை. ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது உச்சியில் இருந்த சின்னக் குலை ஒன்று உருண்டு ரோட்டில் விழுந்தது. ஒரு குதி குதித்து என் கார் மூக்கில் ஏறி, முன்கண்ணாடியில் முட்டி, பக்கத்துச் சாக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடி முழுக்க விரிசல். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி தெரிந்த சாமி பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். நான் காரை ஓரங்கட்டி இறங்கி, நேரே சாக்கடைக்குப் போய்க் குலையைத் தூக்கிப் பார்த்தேன். கறுங்காய். ஒரு பழம்கூடச் சிவக்கவில்லை. இதை எவன் வெட்டினான், எந்த மண்டோர் இதை லோரியில் ஏற்ற விட்டான் என்று கண்ணுக்கு மறைந்துவிட்ட லோரியைப் பார்த்துத் திட்டினேன். பழுத்த குலையாக இருந்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பீர்களா என்று காருக்குள் இருந்தபடியே அவள் கேட்டாள்.

முப்பது வருஷம் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவன் நான். அதிலும் சும்மா ஆள் கணக்கு எடுக்கிற மண்டோர் இல்லை. புதுக் கன்று நடுவதற்கு முன்னால் நிரை பிடிக்கிற வேலை என்னுடையது. கயிறு கட்டி, குச்சி நட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு, குனிந்து வலது கண்ணால் பார்ப்பேன். முதல் குச்சிக்குப் பின்னால் மற்ற எல்லாக் குச்சியும் ஒளிந்துகொள்ள வேண்டும். எட்டிப் பார்க்கிற குச்சியைப் பிடுங்கி மறுபடி நடச் சொல்வேன். வெயிலில் நின்றவர்கள் என்னை மனதுக்குள் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஜெராம் போகிற வழியில் நான் நிரை பிடித்த செம்பனைகள் நிற்கின்றன. நேர் என்றால் அதுதான் நேர். இந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

கண்ணாடி உடைந்த நேரம்தான் சரியில்லை. எங்கள் ஒரே மகள் கோலா குபு பாருவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு அவளை வீட்டுக்கு அழைத்து வர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. என் பிள்ளையை என் காரில் நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்று சம்பந்தி வீட்டில் பந்தாவாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வேனும் வேண்டாம், மருமகனும் வேண்டாம், நான்தான். வீட்டுக்காரியிடமும் லைசென்ஸ் உண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கு, கியரு, சிக்னலு என்று படுத்திய பாட்டில், நான் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று அவள் எப்போதோ முடிவெடுத்துவிட்டாள். தனியாகக் கோயிலுக்கும் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கும் மட்டும் ஓட்டுவாள், அதுவும் லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே. முந்துவது என்கிற வார்த்தையே அவளுக்கு ஆகாது.

கண்ணாடிக் கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, எங்களுக்குப் பழக்கமானவர். மலாயில்தான் பேசுவார், என்னை மட்டும் அண்ணே என்பார். இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று ஒரிஜினல். கார் கம்பெனியே தருவது, மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும். கிள்ளானில் சொல்லி வைத்தால் ஒரு வாரத்தில் வரும். இன்னொன்று லோக்கல். வேறு தொழிற்சாலையில் அதே அளவுக்குச் செய்தது, பாதி விலை, கடையிலேயே இருக்கிறது. கனமும் ஒன்று, உடைந்தால் தூளாகிக் கொட்டாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் ஒன்று. கேமரா, சென்சார் எல்லாம் இருக்கிற புதுக் கார் என்றால் ஒரிஜினல்தான் நல்லது என்று அவரே சொல்வாராம். என் காருக்குப் பன்னிரண்டு வயது, அதில் என்ன சென்சார்? ஹாரன் அடிப்பதே பெரிய விஷயம்.

எனக்கு ஒரிஜினல்தான் வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த முத்திரை வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்காரி லோக்கல் போதும் என்றாள். மீதிக் காசுக்குப் பிள்ளைக்கு வளையல் வாங்கலாம் என்று ஒரு போடு போட்டாள். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மாட்டச் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பசை காய ஒரு நாள் ஆகும், அதுவரை கதவை ஓங்கி அடிக்கக் கூடாது, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கியே வைக்க வேண்டும் என்றார் தவுக்கே. கோபம் வந்தால் கதவில்தான் காட்டுவேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் நாள் மீன் வாங்க ஜெராமுக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். இடுப்பு வளைத்துக்கொண்டு நின்றது. அடுத்த கம்பமும் அப்படியே. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்தது சந்தோஷம்தான். பார்த்தாயா உன் லோக்கல் கண்ணாடியை, கம்பமெல்லாம் பரதநாட்டியம் ஆடுகிறது என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். உனக்கு எப்படித் தெரியும், நீ நிரை பிடித்தவளா என்றேன். அதோடு விட்டேனா? காரை நேரே என் செம்பனைகளிடம் கொண்டுபோய், ஒரு நிரையின் தலைமாட்டில் நிறுத்தினேன். இதைவிட நல்ல அளவுகோல் இந்த வட்டாரத்தில் கிடையாது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடுவில் நான்கைந்து மரம் விலகி நெளிந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்காரி சாதாரணமாகத்தான் சொன்னாள், இறங்கி ஒரு தடவை வெறும் கண்ணால் பார்த்துவிடுங்களேன் என்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் போட்ட நிரையை நானே சரிபார்க்க வேண்டுமா? மரம் கோணலா, கண்ணாடி கோணலா என்று எனக்குத் தெரியாதா? இறங்க மாட்டேன் என்று திரும்பிவிட்டேன். மீன் வாங்கினோமா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை.

தவுக்கேயை விடவில்லை. கடையில் இருந்தவரைக் கையோடு கூட்டி வந்து, என் சீட்டில் உட்கார வைத்து நிரையைக் காட்டினேன். அவர் முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், நேராகத்தான் இருக்கிறது அண்ணே என்றார். வீட்டுக்காரியும் உட்கார்ந்து பார்த்து அதையே சொன்னாள். ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்கள் என்றேன். ஒரிஜினலே போடு என்று பிடிவாதம் பிடித்தேன். ஒட்டின கண்ணாடியை எடுத்தால் உடையலாம் என்று மனுஷன் எச்சரித்தார். எடுக்கும்போது மூலையில் உடைந்தது. அப்படியே கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் குப்பையில் சாய்த்தார்கள். ஒழிந்தது சனியன் என்றேன். வளையல் காசு போயிற்று. அவள் கடை பில்லை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், அதுதான் எனக்குக் குத்தியது.

கார் கடையிலேயே கிடந்தது, ஒரு வாரத்தில் ஒரிஜினல் வந்தது. மூலையில் முத்திரை. துணியால் அதை இரண்டு தடவை துடைத்தேன். பசை காய்ந்ததும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு என் செம்பனைகளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கட்டும் என்றுதான். அதே நிரை, அதே தலைமாடு. என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

வளைந்திருந்தது.

போன தடவையைவிடக் கொஞ்சம் கூடவே வளைந்திருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினேன். நிரையின் முன்னால் போய் நின்றேன். இப்போது எனக்கும் மரத்துக்கும் நடுவில் எந்தக் கண்ணாடியும் இல்லை. பழைய வழக்கப்படி குனிந்து, இடது கண்ணை மூடினேன். முதல் மரத்துக்குப் பின்னால் மற்றவை ஒளியவில்லை. நெளிந்து நெளிந்து வெளியே எட்டிப் பார்த்தன, நடுவில் ஒரு இடம் மங்கலாக அழிந்து கிடந்தது. கண்ணை மாற்றி மூடினேன். ஒரே மரம். பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. அத்தனையும் அதன் முதுகுக்குப் பின்னால் நேராக நின்றன.

மறுபடி மாற்றினேன். மறுபடியும் அதேதான். எத்தனை தடவை மாற்றினேன் என்று தெரியாது. முப்பது வருஷம் நிரை பிடித்த கண்தான் கோணல். நான் பயந்துவிட்டேன். அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கண் போகப்போகிறது, கார் போகப்போகிறது, பிள்ளையை அழைத்து வர மாட்டேன். இந்த மூன்றும்தான் மாறி மாறி ஓடின.

அவள் இறங்கி வந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். இறங்கிப் பாருங்கள் என்று அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் பத்து நாளைக்கு அதையே சொல்லியிருப்பேன். அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

கொடுத்தேன்.

அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்கு ஓட்டிப் போனாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், படம் எடுத்தார்கள். ஒரு பெண் டாக்டர் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணுக்குக் கட்டமெல்லாம் மீன் வலையாகத் தொங்கியது. விழித்திரையில் நீர் கசிகிறது என்றார். மாதம் ஒரு ஊசி, கண்ணிலேயே. நிறையப் பேர் ரொம்பத் தாமதமாகத்தான் வருகிறார்கள், ஒரு கண்ணின் குறையை மறு கண் மூடி மறைத்துவிடும், நீங்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். லோக்கல் கண்ணாடி கண்டுபிடித்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை, வீட்டுக்காரி புரிய வைத்தாள். சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். தான் சொல்லும்வரை கார் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணில் ஊசி போடுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கத்தினேன் என்று வீட்டுக்காரி சொல்வாள், நம்பாதீர்கள்.

ஊசி போட்ட அடுத்த வாரம் தவுக்கேயைப் பார்க்கப் போனேன். ஜெராமில் வாங்கிய இரண்டு பெரிய சிவப்பு மீனை அவர் மேசைமேல் வைத்து, உங்கள் கண்ணாடி மேல் தப்பில்லை, என் கண்மேல்தான் என்றேன். எனக்கு அது சுலபமாக வரவில்லை. அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார். குப்பையில் போட்ட கண்ணாடி இன்னும் அங்கே கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வளைகாப்பு அன்று காலையில் வீட்டுக்காரி பட்டுச்சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். நான் இடது பக்கம். பிரேக்கு என்று சொல்ல வாய் நாற்பது தடவை திறந்தது, நாற்பது தடவை மூடிக்கொண்டேன். சம்பந்தி வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. வளையல் சத்தத்தோடு மகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அவளுக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

"இப்ப மாட்டியிருக்கறது எதும்மா, ஒரிஜினலா லோக்கலா?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் அம்மா சொன்னாள், "கண்ணாடி ஒரிஜினல்தான். டிரைவர்தான் லோக்கலு."

மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வளையலெல்லாம் சேர்ந்து சிரித்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியது, ஊசி போட்ட கண் மட்டும் இல்லை.

"எனக்கு லோக்கலே போதும்லா," என்றேன்.

வீட்டுக்காரி காதில் விழவில்லை போல. சிக்னல் போட்டு, முன்னால் போன செம்பனை லோரியை முந்திக்கொண்டிருந்தாள்.