வாடகைத் தெருவின் சொந்தக்காரர்கள்

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தபோது நான் கணக்கியல் படிக்க வந்தவன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். தொண்ணூறு பிறந்த பிறகும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் நான் உண்மையாகச் செய்த வேலை, ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, விற்காத பேப்பர்களில் வீடு விற்பனைப் பக்கத்தை இலவசமாக வாசித்தது. பரீட்சைக்கு உதவாத கணக்கறிவு முழுவதையும் அந்தப் பக்கத்தில்தான் செலவழித்தேன். வெம்பிளியில் என்ன விலை, கிங்ஸ்பரியில் என்ன விலை, கிழக்கே பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் போனால் எவ்வளவு மலிவு, வட்டி எப்போது ஏறும் என்றெல்லாம் கேட்டவர்களுக்கும் சொன்னேன், பெற்றோல் அடித்துவிட்டு அவசரமாகப் போகவேண்டியவர்களுக்கும் சொன்னேன். வீடு மட்டும் வாங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் விலை கண்டபடி ஏறியபோது, இப்போது வாங்குகிறவன் விசரன் என்றேன். பிறகு விலை விழுந்தது. அது என்னால் விழவில்லை. ஆனாலும் கொஞ்சக் காலம் என்னைச் சாத்திரியாரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கோயிலில் பூசை முடிய ஆட்கள் என்னைத் தேடி வந்து, இப்ப வாங்கலாமோ என்று கேட்டார்கள். "இன்னும் விழும், பொறுங்கோ" என்றேன். என் சொல்லைக் கேட்டு, விலை திரும்ப ஏறுமட்டும் பொறுத்தவர்களில் சிலர் இன்றைக்கும் என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.

நாங்கள் இருந்தது வெம்பிளிக் கடைகளுக்குப் பின்னால் போகும் ஒரு தெரு. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். சொந்தக்காரர் பெரும்பாலும் வேறெங்கோ நல்ல தெருவில் இருப்பார். உள்ளே இருப்பவர்கள் அறை அறையாக வாடகைக்கு வந்தவர்கள். முன்னறையில் ஒரு குடும்பம், பின்னறையில் ஒரு குடும்பம், மேலே கலியாணமாகாத மூன்று நான்கு பெடியள், எல்லோருக்கும் ஒரு குளியலறை. குசினித் தட்டில் ஆளுக்கொரு மிளகாய்த்தூள் போத்தல். வீடுகளுக்கு முன்னால் நாட்டிய வாடகைப் பலகைகளை ஒருவரும் பிடுங்குவதில்லை. எப்படியும் அடுத்த மாதம் தேவைப்படும். மூலை வீட்டு ஐரிஷ் மூதாட்டி ஒருவர்தான் தெருவிலேயே பிறந்து தெருவிலேயே இருந்தவர். எங்களில் யாரைக் கண்டாலும் அவர் "புதிதாக வந்தீர்களா?" என்று கேட்பார். என்னிடம் ஏழு வருடமாகக் கேட்டார்.

ஆனால் அந்தத் தெருவில் ஒருவரும் தன்னை வாடகைக்காரன் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் சொந்த வீடு இருந்தது. அது யாழ்ப்பாணத்தில் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணோடு வருவது. பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிச் சீதனமாகக் கொடுப்பார்கள். ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்க் குடியேறுவான். வீடு வாங்குவது ஆம்பிளையின் வேலை என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. வீட்டு விலை பற்றி அவ்வளவு தெரிந்துவைத்திருந்த எனக்கு, அதை ஒரு ஆள் காசு கொடுத்து வாங்குவான் என்பது மட்டும் மனதில் ஏறவில்லை.

எனக்கும் அப்படி ஒரு வீடு வந்தது. மனைவி பிறந்து வளர்ந்த வீடு. கலியாணம் கட்டி அதில் நான் இருந்தது சில மாதங்கள்தான். இருந்தாலும் லண்டனில் அதைப் பற்றிக் கதைத்தவன் நான். விட்டு வரும்போது அது மூன்று அறை வீடு. வெம்பிளிக்கு வந்த இரண்டாம் வருடம் நான் அதற்கு நாலாவது அறை கட்டினேன். விறாந்தையை வீட்டைச் சுற்றி இழுத்தேன். முன்னால் நின்ற ஒரு மாமரம் மெல்ல மெல்லத் தோப்பானது. எங்கள் அறைக்கு வந்து இந்தக் கதையைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் தங்கள் வீடுகளுக்கு மேல்மாடி எழுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்துக்குள் எங்கள் ஒற்றை அறையில் ஒரு நகரமே கட்டி முடிந்துவிடும். மனைவி கட்டிலின் ஓரத்தில் இருந்தபடி தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். பெருமையில் வாயடைத்து இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி நான் கட்டிக்கொண்டிருக்கும்போது, கீழே இருந்த வீட்டுக்காரர் இடிந்துபோய் இருந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். எங்களுக்குப் பத்து வருடம் முன்னால் வந்து, விலை உச்சத்தில் இருந்தபோது அந்த வீட்டை வாங்கி, மேல் அறைகளை வாடகைக்கு விட்டவர். வட்டி ஏறியதில் வீட்டுக் கடனின் மாதக் கட்டணம் கட்டமுடியாமல் திண்டாடினார். ஒருநாள் மேலே வந்து எங்கள் ஒரே கதிரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, நான் வீட்டை விக்கப் போறன். வெளி ஆளுக்குக் குடுக்க முதல் உமக்குச் சொல்லவேணும் எண்டு வந்தனான். மாசமுடிவுக்குள்ளை சொல்லும். இல்லாட்டி ஏஜென்ட்டிட்டைக் குடுத்திடுவன். பிறகு நீங்களும் வேறை இடம் பாக்கவேண்டி வரும்."

அவர் கேட்ட விலை நியாயமானது. நான் என்ன செய்தேன் என்றால், சந்தை நிலவரம் பற்றி அவருக்கு அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். இன்னும் விழும் என்றேன். தன் வீடு கையைவிட்டுப் போகிற மனிதனிடம் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுக் கீழே போனார்.

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "எடுப்பம் அப்பா. என்ரை சீட்டுக் காசு இருக்கு. இந்த அறையையும் பக்கத்து அறையையும் வாடகைக்கு விட்டால் கட்ட ஏலும். எனக்கெண்டு ஒரு குசினி வேணும்." அவள் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் சாண்ட்விச் பொதிசெய்கிறவள், எங்கள் இருவரில் ஒழுங்காகச் சம்பளம் கொண்டுவந்தது அவள்தான்.

"எங்களுக்கு வீடு இருக்குத்தானே. ரெண்டு வருசத்திலை ஊருக்குப் போறம். இஞ்சை என்னத்துக்கு இன்னொண்டு?" என்றேன். அந்த இரண்டு வருடத்தை நான் ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். இங்கே ஒரு வீட்டை வாங்கினால் திரும்பிப் போகமாட்டேன் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சந்தை, வட்டி என்று கதைப்பது சுகமாக இருந்தது.

அந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைதான் அந்தப் பெண் வந்தாள். ஏதோ கல்லூரியில் படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை. வாடகைக்கு இருப்பவர்கள் அதிகமுள்ள தெருக்களில் யார் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்டுப் போகிறாளாம். தமிழ் தெரிந்த ஒருவர் கூட வந்தால் உதவியாக இருக்கும் என்றாள். கேட்கவேண்டுமே! இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் வீட்டில் மூன்று பெடியள் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். மெத்தைகளுக்கு நடுவே நின்று, வீடு சொந்தமா என்று கேட்டேன். "ஓம் அண்ணை, சொந்த வீடு. ஊரிலை, கோண்டாவிலிலை" என்றான் ஒருவன், போர்வைக்குள் இருந்தபடி. நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொந்தம் என்று அவள் குறித்துக்கொண்டாள். அடுத்த வீட்டில், மாடிப்படிக்குக் கீழே அடுப்பு வைத்திருந்த குடும்பத்துக்கும் சொந்த வீடு. அதற்கடுத்த வீட்டில் மன்னாரில் இருந்து வந்த ஒரு அம்மா, கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு கதவைத் திறந்தார். "கோயிலுக்குப் பக்கத்திலை, எங்கடை சொந்த வீடு. ஆனா இப்ப அதிலை ஆமிக்காரர் இருக்கினம்" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"அப்படியென்றால் இராணுவம் இவர்களுக்கு வாடகை கொடுக்கிறதா?" என்று அந்தப் பெண் உண்மையான அக்கறையோடு கேட்டாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் கேக் தந்தார்.

தெருவின் பாதிக்கு வந்தபோது அவள் நின்றுவிட்டாள். இங்கே ஏறக்குறைய எல்லோரும் வாடகைக்காரர் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன், இங்கே பார்த்தால் எல்லோருமே சொந்தக்காரராக இருக்கிறீர்களே என்றாள். எங்கே பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் திருத்த மனம் வரவில்லை. பதிலுக்கு எங்கள் சனத்தின் பெருமையை எடுத்துவிட்டேன்: சீதனம், பெண்ணோடு வரும் வீடு, ஆண்பிள்ளை போய்க் குடியேறுவது எல்லாம். அவள் கவனமாகக் கேட்டாள்.

"ஆக, உங்கள் ஊரில் கணவன்தான் மனைவியின் வாடகைக்காரன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாடகை கொடுக்காத வாடகைக்காரன் என்று அவள் சொல்லாமல் விட்டது அவளுடைய நல்ல வளர்ப்பு. மூக்குடைபட்டவன் வேறென்ன செய்வான்? தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். எங்கள் அறையிலும் கேட்டுவிட்டுப் போகலாம், என் மனைவிதான் உண்மையான சொந்தக்காரி என்றேன்.

மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். அந்தப் பெண் கதிரையில் இருந்தாள். நாங்கள் இருவரும் கட்டிலில் இருந்தோம். வீடு சொந்தமா வாடகையா என்ற கேள்வியை நான் தமிழில் கேட்டேன், பதில் தெரிந்த வாத்தியாரைப் போல.

"எங்களுக்கு வீடு இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

"என்ன கதை இது? ஊரிலை இருக்கிறது என்ன?"

"அது இல்லையப்பா. போன வருசமே விழுந்திட்டுது."

என்னோடு சண்டை பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குரலில் சண்டை இல்லை. தன்னோடு வேலை செய்ய ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு அக்கா, எங்கள் வீட்டு ஒழுங்கையால்தான் நடந்து வெளிக்கிட்டு வந்தவ என்றாள். "செல் விழுந்து கூரை முழுக்கப் போயிட்டுதாம். பிறகு கதவு, நிலை எல்லாத்தையும் சனம் கழட்டிக்கொண்டு போயிட்டுதாம். சுவரும் இல்லையாம் இப்ப."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீங்கள் அதைப்பற்றிக் கதைக்கேக்கை எவ்வளவு சந்தோசமா இருப்பியள். எனக்கும் கேக்க விருப்பமாத்தான் இருந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல அது அங்கை நிக்கிறமாதிரி இருந்தது. ஆனா கீழை இருக்கிற அண்ணை சொன்ன மாசம் முடியப்போகுது. இனி ஏலாது."

ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குள்தான் நான் அந்த வீட்டுக்குப் பின்னால் இரண்டாவது கிணறு வெட்டினேன். அவள் பிறந்த வீடு அது. அவள் அதற்காக எங்கே போய் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது இதே கட்டிலின் ஓரத்தில் இருந்திருக்கிறாள்.

"உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் மொழிபெயர்த்தவனுக்கு ஒரு சொல் வரவில்லை. மனைவியே தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் சொன்னாள்: நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், என் கணவருக்குச் சுகமில்லை, நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "போய் அண்ணையிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் கழுத்துப்பட்டியோடு படியிறங்கிப் போனேன். வீட்டுக்காரர் நடையில் நின்று, கழன்ற சுவர்க்காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். "அண்ணை, வீட்டை நாங்கள் எடுக்கிறம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு வருசத்திலை ஊருக்குப் போறன் எண்டு சொன்னனீர்?"

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. விம்மி விம்மி, மூக்கு ஒழுக, சின்னப்பிள்ளை அழுவதுபோல் அழுதேன். மனிதர் பயந்துவிட்டார்.

"சரி சரி, அழாதையும் தம்பி. ரெண்டாயிரம் குறைக்கிறன்."

எனக்கு நிற்கவில்லை. கூடிவிட்டது.

"இன்னும் ஒரு ஆயிரம். இதுக்குக் கீழை ஏலாது ராசா, எனக்கு ஒண்டும் மிஞ்சாது" என்றார். பசை பிசுபிசுத்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அவரும் அழத் தொடங்கினார்.

வீட்டுச் சந்தை பற்றி ஊருக்கே புத்தி சொன்ன நான் என் வாழ்க்கையில் பேரம் பேசி விலை குறைத்தது அந்த ஒருமுறைதான். எதற்காக அழுதேன் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் எனக்குச் சொல்லவில்லை. விலைக்காகத்தான் அழுகிறோம் என்றே இருவரும் இருந்துவிட்டோம்.