எச்சில் கோப்பை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். 1971இல் விருத்தாசலத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அமிர்தத்துக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

அமிர்தம் லீவு நர்சு. எந்த ஊரிலாவது நர்சு ஒருத்தி லீவு போட்டால், அந்த இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். கடலூர், விழுப்புரம், இப்போது இங்கே, ஆண்டாள் என்பவளுக்குப் பதிலாக. இந்த வேலை நிரந்தரமானால் பண்ருட்டியில் விட்டுவந்த மகளைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லீவு நர்சு என்றால் இளக்காரம்தானே! இருமல் வார்டின் எச்சில் கோப்பைகளை எல்லாம் அவள் தலையில் கட்டினார்கள். உள்ளூர்ப் பீங்கான் கோப்பைகள். உள்ளே பச்சையும் மஞ்சளுமாய்க் கோழை. கொட்டும்போது நூலாக இழுக்கும். சீ! சோற்றில் கை வைத்தாலும் அதே நாற்றம்.

அன்று மத்தியானம் நோயாளிகள் எல்லாம் தூங்கிவிட்டார்கள். மூலைக் கட்டில் காலி. அவள் வந்த நாளிலிருந்தே காலி. ஆனால் அதன் கீழே ஒரு கோப்பை... விளிம்புவரை கோழை.

“எந்தப் பரதேசி இங்க வந்து துப்புறது?”

கொண்டுபோய்க் கொட்டினாள். பினாயில் ஊற்றித் தேய்த்தாள். மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைத்துவிட்டு வார்டுக்கு வந்தாள்.

கட்டிலுக்குக் கீழே மறுபடியும் ஒரு கோப்பை. நிறைந்து... வெதுவெதுப்பாக...

மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

அப்போது, கழுவுமிடத்தில் சத்தம்.

டிங்... டிங்... டொக்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆள் இல்லை. கழுவிய கோப்பைகளில் ஒன்று மட்டும் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் விரிசல்.

ஆயா பூவாயியைக் கூப்பிட்டுச் சொன்னாள். பூவாயிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஆண்டாளு அப்படித்தான் சிஸ்டர், நகத்தால தட்டித் தட்டிப் பாக்கும். அவங்கப்பா பீங்கான் கம்பெனி ஆளு. டிங்குன்னா நல்லது, டொக்குன்னா உள்ள வெடிச்சது.”

“அவங்க லீவுலதானே இருக்காங்க?”

“அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க... அந்த மூலைக் கட்டில்லதான் ரத்தமா துப்பிட்டுக் கெடந்துது. நீங்க வர்றதுக்கு முந்தின நாளு உசுரு போயிடுச்சி.”

அந்த நேரம் பார்த்துப் பெரிய நர்சு கனகா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அமிர்தம், அந்தப் போஸ்ட்டு இனிமே உனக்குத்தான். மவள கூட்டிட்டு வந்துடு.”

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! அமிர்தம் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

யாரோ முதுகில் நகத்தால் தட்டினார்கள்.

டொக்.